ராசிபலன் இல்லாத காலண்டர்

சிவகாசியில் அணுகுண்டுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. எங்கள் தெரு 'கவர்மென்ட் ரேட்டு' அண்ணாச்சிக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. சின்னதாகக் காலண்டர் அச்சகம் வைத்திருந்தார். எதை வாங்கினாலும் அவர் வாயில் வரும் முதல் கேள்வி, "இதுக்கு கவர்மென்ட் ரேட்டு எம்புட்டு?"

டீக்கடையில் கேட்பார். முடிவெட்டும்போது பாதித் தலையில் நிறுத்திக் கேட்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் தரகரின் கமிஷனுக்குக் கேட்டார். தரகர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அண்ணாச்சி கடைசிவரை பிரம்மச்சாரி.

எனக்கு கவுன்சிலிங்கில் என்ஜினீயரிங் சீட் கிடைத்தது. அப்பாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை. கல்லூரியில் சேரப் போன அன்று அப்பா துணைக்கு அண்ணாச்சியைக் கூட்டி வந்தபோதே, 'அங்க வந்து ரேட்டு கேக்காதீக அண்ணாச்சி' என்று சொல்லிவைத்தேன். கல்லூரி ஆபீஸில், அரசு நிர்ணயித்த கட்டணம் போக, 'வளர்ச்சி நிதி' என்று இன்னொரு பெரிய தொகை கேட்டார்கள். அண்ணாச்சி கனைத்தார்.

"இதுக்கு கவர்மென்ட் ரேட்டு எம்புட்டு சார்?"

"அதெல்லாம் இங்க பேசக் கூடாது. வாட்ச்மேன்!"

அண்ணாச்சியை வெளியே தள்ளினார்கள். அப்பா கெஞ்சியதில் பொங்கல்வரை தவணை கிடைத்தது. அதற்குள் கட்டாவிட்டால் நான் பரீட்சை எழுத முடியாது. திரும்பும் வழியில் அண்ணாச்சி கண்டக்டரிடம்கூட ரேட்டு கேட்கவில்லை. அம்மா கம்மலைக் கழற்றி வைத்தாள். படிப்பையே விட்டுவிடலாமா என்று நான் அழுதேன்.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷ மாதிரிகளுக்குப் பூஜை போட்டுவிட்டால் எங்கள் ஊரில் காலண்டர் ஆர்டர் குவியும். யாருடைய கெட்ட நேரமோ, அந்தக் கல்லூரியின் ஆர்டர் ஏஜென்ட் வழியாக அண்ணாச்சியிடமே வந்து சேர்ந்தது.

புது வருஷத்தில் மாணவர் வீடெல்லாம் காலண்டர் தொங்கியது. மேலே முருகன், கீழே தாளாளரின் சிரிப்பு. தேதித் தாளின் அடியில் ராசிபலன் இருக்க வேண்டிய இடத்தில், இன்று சிவில், நாளை மெக்கானிக்கல் என்று ஒவ்வொரு படிப்புக்கும் அரசு வைத்த கட்டணம்! 'இதற்கு மேல் கேட்டால் புகார் செய்க' என்று ஒரு வரி வேறு.

சாமி படம் போட்ட காலண்டரை ஆணியிலிருந்து கழற்ற யாருக்கு மனசு வரும்? கிழித்த தாளோடு பெற்றோர்கள் கல்லூரிக்குப் படையெடுத்தார்கள். நானும் அப்பாவும் போயிருந்தோம். அண்ணாச்சியை வரவழைத்தார்கள்.

"என்னய்யா இது?" என்று தாளாளர் கத்தினார்.

"சீசன் நெருக்கடி சார், தாள்கட்டு மாறிப்போச்சு. தப்பிருந்தா மாத்தித் தாரேன். தேதி தப்பா?"

"இல்ல."

"ராகு காலம்?"

"இல்லய்யா."

"அப்பம், ரேட்டு தப்பா சார்?"

வராந்தா முழுக்கப் பெற்றோர்கள். தாளாளர் தண்ணீர் கேட்டார். அந்த வாரமே வளர்ச்சி நிதி காணாமல் போனது. அண்ணாச்சிக்கு வர வேண்டிய காலண்டர் பணமும் கூடவே காணாமல் போனது. அதன்பின் எந்தக் கல்லூரியும் அவருக்கு ஆர்டர் தரவில்லை.

அல்வா வாங்கிக்கொண்டு ஓடினேன். "அண்ணாச்சி, வேணும்னேதான செஞ்சீக?"

"தாள் மாறிப்போச்சு தாயி," என்றார் வாய் நிறைய அல்வாவோடு. "இதுக்கு கவர்மென்ட் ரேட்டு எம்புட்டு?"

இப்போது ஓசூரில் எனக்கு நல்ல வேலை. போன ஆடியில் அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். சேதி தாமதமாக வந்து, முகம்கூடப் பார்க்க முடியவில்லை. ஊரிலிருந்து காலண்டர் மட்டும் தவறாமல் வருகிறது. தினமும் தாளைக் கிழிக்கும்போது கண் அடிவரிக்குத்தான் போகிறது. என் ராசிக்கு லாபம், மகிழ்ச்சி என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி இல்லாமல் அதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?