ஸ்டாப் அண்ணனின் நீலக் காடை

சிங்கப்பூரில் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கு வெயிலும் காரணமில்லை, உப்பும் காரணமில்லை. ஸ்டாப் அண்ணன்தான் காரணம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கப்பல் பட்டறை, கட்டட வேலை, பாத்திரம் கழுவுவது என்று அலைந்தவன் நான். திட்டுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பறவைக்காக வேலையை நிறுத்துகிற லாரி டிரைவரை வேறெங்கும் பார்த்ததில்லை.

புல் வெட்டும் எங்கள் குழுவுக்கு அவர்தான் லாரி ஓட்டினார். இங்கேயே, ஆங் மோ கியோவில் பிறந்து வளர்ந்தவர். பொங்கோலில், வீடு கட்டுவதற்காகக் காத்துக்கிடந்த காலி நிலம் ஒன்று எங்கள் பொறுப்பு. இடுப்பளவு லாலாங் புல். மெஷினைத் தோளில் மாட்டி ஓடவிட்டதும் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும்.

"ஸ்டாப்!"

"என்னண்ணே, பாம்பா?"

"காட்டுக் காடைடா! விசில் அடிச்சுச்சே, கேக்கல?"

மெஷின் ஓடும்போது நான் இருமுவதே எனக்குக் கேட்காது. இதில் விசிலாம்!

போனில் ஒரு படம் காட்டுவார். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற பறவை. ஆண் நல்ல நீலம், வயிறு மட்டும் செங்கல் நிறம். லேசில் பறக்காதாம். புல்லடியிலேயே ஓடுமாம். மிதித்துவிடப் போகிறோம் என்கிற கடைசி நொடியில் கிளம்பி, தாழப் பறந்து, கொஞ்ச தூரத்தில் மறுபடி புல்லுக்குள் விழுந்துவிடுமாம்.

"தரையில ஓடுது, கண்ணுல படல. அப்ப அது எலிதாண்ணே" என்றான் என் கூட்டாளி செல்வம்.

"உன் மூளைதான் எலி லா" என்றார், சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வை ஒட்டவைத்து.

இத்தனை கரிசனம் உள்ளவர், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் என்ன செய்தார் தெரியுமா? சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து காடை வறுவல் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இது மட்டும் காடை இல்லையா?"

"இது பண்ணைக் காடை தம்பி. வெளியூர்லேருந்து வருது, வொர்க் பெர்மிட். நம்ம பொங்கோல் காடை சிட்டிசன் லா!"

பெர்மிட்டில் இருக்கும் என்னிடமே இப்படிச் சொல்லிவிட்டு, எலும்பைக் கடித்து உறிஞ்சினார். அன்று நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அவர் என் தட்டில் இருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வேலையில் நடந்ததுதான் கொடுமை. புல்லை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். அது கூடாதாம். குஞ்சு பொரிக்கும் காலமாம். வெட்டவெளியைக் கடக்கப் பயந்து, குடும்பத்தோடு நடுவில் மாட்டிக்கொள்ளுமாம். ஆகவே நடுவில் தொடங்கி வெளியே வரவேண்டும்; வேலிக்கு அப்பால் யாரும் வெட்டாத புல்லுக்கு அது தப்பித்துப் போய்விடும் என்றார். இடுப்பளவு புல்லுக்குள் மெஷினைச் சுமந்துகொண்டு நடுவரை நடப்பது யார்? அவரா?

அன்று மத்தியானம் நிலத்தைப் பார்வையிட ஆள் வருவதாக இருந்தது. பாதிகூட முடியவில்லை. சூப்பர்வைசர் போனில் கத்தியது எனக்கே கேட்டது: "இப்பவே ஓரத்துலேருந்து வெட்டச் சொல்லு. இல்லன்னா நாளைக்கு நீ அந்த லாரியத் தொடக்கூடாது!"

"அப்ப தொடல சார்" என்றார் ஸ்டாப் அண்ணன். "குஞ்சு இருக்கு."

அதற்குமேல் அவர்கள் போட்ட சண்டையை நான் கேட்கவில்லை. அவரைத் திட்டிக்கொண்டே, நடுவிலிருந்து நான் வெட்டிவந்த பக்கத்தின் கடைசிப் பட்டைக்கு, வேலியோரத்துக்கு வந்தேன். பூட்ஸுக்கு அடியிலிருந்து விருட்டென்று ஏதோ கிளம்பியது. நீலம்! வேலியைத் தாண்டி அந்தப் பக்கப் புல்லில் விழுந்தது. கீழே ஒரு பழுப்புப் பெட்டை. அதன் பின்னால் வண்டு அளவில் குஞ்சுகள், வேலிக்கடியில் ஓடிக்கொண்டிருந்தன.

"ஸ்டாப்!" என்று கத்தினேன். நான்தான்.

போனைக் காதில் வைத்து முதுகைக் காட்டி நின்றிருந்த அவர் திரும்பி ஓடி வருவதற்குள் எல்லாம் புல்லுக்குள் மறைந்துவிட்டன.

வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "நெசமாவே நீலமாடா?"

"என்னண்ணே கேக்கறீங்க? நீங்கதானே படம் எடுத்தீங்க?"

"அது யாரோ அனுப்பினது. நான் விசில்தான் கேட்டிருக்கேன். ஒருநாளும் பாத்ததில்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கண்ணால் பார்க்காத ஒன்றுக்காகவா எங்களை இப்படி வாட்டினார்!

மறுநாள் வேறு டிரைவர் வந்தார். ஸ்டாப் அண்ணன் இப்போது தெம்பனிஸ் பக்கம் குப்பை லாரி ஓட்டுகிறார். ஞாயிறு தோறும் லிட்டில் இந்தியாவில் என்னைப் பிடித்துவைத்து, "இன்னொரு தடவ சொல்லுடா" என்று உயிரை வாங்குகிறார். நானும் திட்டிக்கொண்டேதான் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் நீலத்தைக் கொஞ்சம் கூட்டி.