இடிந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம்

உலகின் போக்கை மாற்றிய மாமனிதர்களின் காலைப்பொழுதும் சாதாரணமாகவே தொடங்குகிறது. டாக்டர் லயனல் தர்கெட்டில் எழுந்தான். பல் துலக்கினான். ரொட்டியைக் கருக்கினான். கருகியதைச் சுரண்டித் தின்றான். பிறகு கணினியைத் திறந்து, இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்திலேயே பெரிய, பழங்கால ஆங்கிலோ-சாக்சன் பாணி மண்டபத்தை இடித்தான்.

கணினிக்குள்தான். நிஜ மண்டபம் அருங்காட்சியக வளாகத்தில் நின்றுகொண்டிருந்தது. மண்ணுக்குள் கிடைத்த பழைய தூண்குழிகளை வைத்து ஓக் மரத்தாலும் நாணல் கூரையாலும் மறுபடி கட்டியது. முன்னோர் எப்படிக் கட்டினார்கள் என்று அறிய, லயனல் அதை லேசரால் அளந்து கணினியில் எழுப்பியிருந்தான். எழுப்பியதன் மேல் காற்றை விட்டான். கூரை பறந்தது. தூண்கள் பணிவோடு படுத்தன.

சிக்கல் ஒன்றே ஒன்று. சனிக்கிழமை அதே மண்டபத்தில் அவனுக்கும், அதைப் பராமரிக்கும் ஹெஸ்டருக்கும் கல்யாணம்.

சாதாரண மனிதன் காதலுக்காக உண்மையை மறைத்திருப்பான். லயனல் அருங்காட்சியகக் குழுவின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினான்.

"மண்டபம் இடிஞ்சிருச்சு," என்றான்.

குழுத் தலைவர் பார்னபி ஜன்னல் வழியே பார்த்தார். "நிக்குதேப்பா."

"அது தற்காலிகம், தலைவரே."

குழு இந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது. ஹெஸ்டர் மட்டும் திரையருகே போனாள்.

"இந்தக் கூரை காஞ்சதா, நனைஞ்சதா?"

"காஞ்சதுதான். புத்தகத்துல இருக்கற எடை."

"நம்ம ஊர்க் கூரை என்னைக்கு லயனல் காஞ்சிருக்கு? ஊறிக் கனத்துப்போய்த்தான் காத்துக்கு அசையாம உக்காந்திருக்கு. மழையைப் போட்டுப் பாரு."

"மென்பொருள்ல மழைக்கு இடமில்ல."

"மழையே இல்லாத இங்கிலாந்து. நல்லாத்தான் கட்டியிருக்கே."

"முதல் கட்ட ஆய்வுதானே."

"கல்யாணத்துக்கு நீ கேட்டப்ப அந்த மண்டபத்துல நின்னுதான் சரின்னு சொன்னேன்."

"அப்ப என்கிட்ட இந்தத் தரவு இல்ல, ஹெஸ்டர்."

குழு ஒருமனதாக முடிவெடுத்தது. மண்டபம் 'கொள்கையளவில் இடிந்தது'. மழை 'மேலாய்வுக்கு உரியது'. மறைந்த மண்டபத்துக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள், அதன் நிழலில் நின்று. வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டப்பட்டது. கல்யாணம் பக்கத்துத் துணிக்கூடாரத்துக்கு மாறியது. கூடாரம் கணினியில் சிறப்பாகத் தேறியிருந்தது.

சனிக்கிழமை, திருமணப் பதிவாளர் அம்மாள் சட்டப்படியான முதல் கேள்விக்கு வாயைத் திறந்தபோது கூடாரம் கிளம்பியது. அவசரப்படாமல், ஒரு கனவானைப் போல எழுந்து பார்லி வயலைக் கடந்தது. பின்னாலேயே மழை கொட்டியது.

விருந்தினர் கயிற்றுக்கடியில் குனிந்து மண்டபத்துக்குள் ஓடினார்கள். பதிவாளரும் ஓடினார். பார்னபி கேக்கை அணைத்துக்கொண்டு நுழைந்தார். "கொள்கையளவில நான் வெளியதான் இருக்கேன்," என்றார்.

உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. தூண்கள் முனகக்கூட இல்லை.

வெளியே, கோட்டுக்குள் மடிக்கணினியோடு லயனல் மட்டும் நின்றான். அறிவியல் நனைந்தது. பின்வாங்கவில்லை.

"ஹெஸ்டர், வெளிய வந்துடு. நீ நிக்கிற இடம் இடிஞ்சு போச்சு."

"மாப்பிள்ளை உள்ள வந்தா ஆரம்பிச்சிடலாம்," என்றார் பதிவாளர்.

"அது இடிஞ்சதுன்னு அறிக்கையில நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்மா," என்றான் லயனல்.

ஹெஸ்டர் முக்காட்டைப் பிழிந்தபடி வாசலுக்கு வந்தாள். கதவில் கை வைத்தாள். அவள் கடைசியாகச் சொன்னது இது:

"இதை எப்படிக் கட்டினாங்கன்னு நீ நிதானமாக் கண்டுபிடி, லயனல். எதுக்குக் கட்டினாங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சாரல் அடிக்குது, கதவைச் சாத்தறேன்."