பல் ஒரு காரணமே அல்ல

மனித சிந்தனையின் வரலாற்றில் மகத்தான நாட்கள் மூன்று. நெருப்பைக் கண்ட நாள் ஒன்று, சக்கரம் உருண்ட நாள் ஒன்று. மூன்றாவது, புவெனோஸ் ஐரெஸ் நகரின் ஒரு நாலாவது மாடியில், டாக்டர் ஒட்டிலியா போஸ்கெத்தி தன் செருப்பைத் தேடிப்போய் அரைச் செருப்பைக் கண்டெடுத்து, "இது பல் முளைக்கிற விஷயமே இல்ல" என்று அறிவித்த நாள். முதல் இரண்டையும் எவனாவது எப்படியும் கண்டுபிடித்திருப்பான். மூன்றாவதற்குப் பல வருடப் படிப்பு தேவைப்பட்டது.

ஒட்டிலியா உளப்பகுப்பாய்வாளர். அவர் குடியிருந்த தெருவில் ரொட்டிக் கடைகளைவிட உளப்பகுப்பாய்வாளர்கள் அதிகம். ரொட்டி தின்றால் பசி தீர்ந்துவிடும். பேசினால் மனக்குறை தீராது. ஆகவே தெரு செழிப்பாக இருந்தது. வீட்டின் முன்னறையில் நோயாளிகள் படுத்துப் பேச ஒரு திவான் போட்டிருந்தார். அதன் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து அவர் இருபத்திரண்டு வருடமாக "ம்" சொல்லிவந்தார். ஊரில் அவ்வளவு ஆழமாக "ம்" சொல்லக்கூடியவர் வேறு யாருமில்லை என்பது நிபுணர்களின் கருத்து.

நாய்க்குட்டியைக் கொண்டுவந்தது அவர் கணவர் அன்செல்மோ. துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேச்சுத்துணை வேண்டும் என்று ஆசைப்பட்டார். மனைவியோ காசு கொடுத்துப் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்கவே நேரம் போதாதவர். எனவே ஒரு தெருநாயின் நாலு மாதக் குட்டி, பழுப்பு நிறம், ஊசி ஊசியாகப் பல். அவரைக்கொட்டை மாதிரி இருந்ததால் அந்த ஊர் பாஷையில் அதே அர்த்தம் வரும்படி 'போரோத்தோ' என்று பெயர் வைத்தார். ஒட்டிலியா அந்தப் பெயரை ஏற்கவில்லை. பெயர் வைப்பது இன்னொரு ஜீவன்மேல் நம் ஆசையைத் திணிக்கும் வன்முறையாம். அவரைப் பொறுத்தவரை அது "நோயாளி பி."

நோயாளி பி. முதல் மாதத்திலேயே திவானின் ஒரு காலையும் தொலைபேசி ஒயரையும் அன்செல்மோவின் வலது கைக் கட்டைவிரலையும் சுவைத்து முடித்திருந்தது. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். "பல்லு முளைக்குது. ஈறு அரிக்கும். மெல்றதுக்கு ஏதாவது குடுங்க. ஆறு மாசம் ஆனா தானா நின்னுரும்" என்றார். வாய்க்குள் பார்த்தே வாயைப் புரிந்துகொண்டுவிடலாம் என்று நினைக்கும் அந்த அப்பாவி மனிதருக்காக ஒட்டிலியா வழியெல்லாம் வருத்தப்பட்டார்.

அன்செல்மோ ஒரு துண்டை நனைத்து, முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் வைத்து எடுத்து நாய்க்குட்டியிடம் நீட்டினார்.

"என்ன அது?" என்றார் ஒட்டிலியா.

"ஈறுக்குக் குளுகுளுன்னு இருக்குமாம். பாரு, எப்படி மெல்லுது."

"அது வாயத் தொறந்து என்னமோ சொல்ல வருது, அன்செல்மோ. நீ துணிய வெச்சு அடைக்கிற."

"அது சொல்ல வந்தத என் கட்டைவிரல்ல தெளிவா எழுதி வெச்சிருக்கு. வேணும்னா படிச்சுப் பாரு."

"உனக்கு உன் வலிதான் பெருசு."

"என் விரலாச்சேம்மா!"

துண்டு பறிமுதல் செய்யப்பட்டது. மெல்லக் கொடுப்பது, கடிக்கும்போது விளையாட்டை நிறுத்தி எழுந்து போவது, செருப்பை அலமாரியில் வைப்பது ஆகிய 'அடக்குமுறைகள்' யாவும் அன்றிலிருந்து தடைசெய்யப்பட்டன. முக்கியமாக, நாய்க்குட்டியிடம் 'வேண்டாம்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. அந்தச் சொல் ஒரு பிஞ்சு மனதில் ஆறாத வடுவை உண்டாக்கும். அன்செல்மோவின் கையில் உண்டான வடுக்கள் ஆறிவிடும் வகையைச் சேர்ந்தவை.

அன்செல்மோ சும்மா இருக்கவில்லை. குட்டி கடித்தால் இன்னொரு குட்டியைப் போலக் கீச்சென்று அலற வேண்டும், உடனே அது புரிந்துகொண்டு விட்டுவிடும் என்று கைபேசியில் யாரோ ஒரு வாலிபன் சொல்லிக்கொண்டிருந்தான். 'வேண்டாம்' என்ற சொல் இதில் இல்லாததால் ஒட்டிலியாவும் அனுமதித்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல்களை அதட்டிய அந்தக் குரல், மத்தியான வேளைகளில் "கீய்ங்! கீய்ங்!" என்று கூவத் தொடங்கியது. போரோத்தோவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கடித்தால் பாடுகிற பொம்மை! அது இன்னும் ஆர்வமாகக் கடித்தது.

சில நாட்களில் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். "இந்த வயசுலயும் ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கீங்க, பாக்கவே நல்லாருக்கு. ஆனா மத்தியானம் நான் கொஞ்சம் தூங்கணும்" என்றார்.

இதையெல்லாம் சாதாரண மனிதர்கள் தொல்லை என்பார்கள். ஒட்டிலியா வாய்ப்பு என்றார். அவர் அங்கம் வகித்த 'ஆழ்மன ஆய்வுக் கழக'த்தில் 'பேராசான்' என்றொரு பதவி உண்டு. அதை அடைந்தவர்கள் மற்ற உளப்பகுப்பாய்வாளர்களுக்கே வைத்தியம் பார்க்கலாம். ஆயுளுக்கும் கூட்டம் குறையாது. இரண்டு முறை விண்ணப்பித்து, "புதுமை போதாது" என்று நிராகரிக்கப்பட்டிருந்தார். இப்போது ஓர் இடம் காலி. 'கடியும் கதறலும்: தாயற்ற வாயின் தேடல்' என்று நாய்க்குட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதி அனுப்பினார். கழகம் அதிர்ந்தது. ஜனவரிக் கடைசியில் குழு நேரில் வந்து நோயாளியைப் பார்வையிடும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் தள்ள முடியாது. பிப்ரவரி பிறந்தால் அந்த ஊரின் உளப்பகுப்பாய்வாளர்கள் அத்தனை பேரும் கோடை விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார்கள். அந்த ஒரு மாதம் ஊர்ஜனங்கள் தங்கள் தாயாரைத் துணையின்றித் தாங்களே வெறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, நோயாளி பி. ஜனவரி வரை கடித்தாக வேண்டும். ஒட்டிலியாவின் வாழ்வு அந்த ஊசிப் பற்களில் தொங்கியது.

ஆராய்ச்சிக்கு மற்ற நோயாளிகளும் ஒத்துழைத்தார்கள். அதில் முதலிடம் எவரிஸ்தோவுக்கு. இரண்டு தெரு தள்ளி நூடுல்ஸ் பிழிந்து, ரவியோலி என்ற மாவுக் கொழுக்கட்டை பிடித்து விற்கும் கடைக்காரர். பதினொரு வருடமாக வாரம் இரண்டு முறை வந்து படுப்பவர். அவர் துயரம் சிறியதல்ல. ஞாயிறுதோறும் அவர் வீட்டு முற்றத்தில் அவர் மூட்டும் கரியடுப்பில், அவர் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, அவருடைய கறியை அவருடைய மச்சான் புரட்டுவான். அந்த ஊரில் ஒருவன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. அவன் அடுப்பில் கை வைத்தவனுக்குக் கிடையாது. எவரிஸ்தோவுக்கோ 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. ஏன் வரவில்லை என்று பதினொரு வருடமாக ஆராய்ந்து, அவருடைய மூன்று வயது வரை வந்திருந்தார்கள்.

"டாக்டர், என் கால எதுவோ கடிக்குது."

"ம். யாரு கடிக்கிறாங்க?"

"உங்க நாய்க்குட்டி."

"'உங்க' நாய்க்குட்டி. ம். மேல சொல்லுங்க."

"சாக்ஸத் தாண்டிருச்சு டாக்டர்."

"கால இழுக்காதீங்க. இந்த வலி உங்களுக்கு யார ஞாபகப்படுத்துது?"

"நாய."

"அதுக்கும் முன்னாடி?"

எவரிஸ்தோ கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "என் மச்சான" என்றார். ஒட்டிலியா பூரித்துப்போய்க் குறித்துக்கொண்டார்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை நோயாளி பி. எவரிஸ்தோவின் கால் கட்டைவிரலையே முழுதாக வாயில் வாங்கிவிட்டது. எவரிஸ்தோ விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கத்தவில்லை. அடிக்குரலில், "வேணாம். விடு" என்றார். நாய்க்குட்டி விட்டுவிட்டது. அண்ணாந்து பார்த்தது. அவர் பையில் கையை விட்டு, கடைக்கு வாங்கிய கேரட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது கேரட்டை இரண்டு முன்காலாலும் பிடித்துக்கொண்டு கறக் முறக் என்று மெல்ல ஆரம்பித்தது. கால் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டர்... நான் இப்ப 'வேணாம்'னா சொன்னேன்?"

"நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் ஒட்டிலியா.

அடுத்த செவ்வாய் எவரிஸ்தோ படுக்கவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"டாக்டர், இடுக்கி என் கையில இருக்கு! ஞாயித்துக்கிழம மச்சான் வந்து கைய நீட்டுனான். 'வேணாம். விடு'ன்னேன். விட்டுட்டான்! ஒரு ரொட்டிக்குள்ள சாசேஜ வெச்சுக் கையில குடுத்து, அந்தாண்ட உக்காருன்னேன். உக்காந்து மென்னுக்கிட்டே இருந்தான் டாக்டர், சாயங்காலம் வரைக்கும்!"

"ம்" என்றார் ஒட்டிலியா. அந்த 'ம்'மில் வழக்கமான ஆழம் இல்லை.

"அதனால இனிமே வரவேணாம்னு பாக்கறேன்."

"எவரிஸ்தோ, இதுக்குப் பேரு 'ஆரோக்கியத்துக்குள் தப்பியோட்டம்'. ரொம்ப ஆபத்தான கட்டம். இந்த நேரத்துல வாரத்துக்கு மூணு தடவ வரணும்."

"வேணாம் டாக்டர்" என்றார் எவரிஸ்தோ. சொல்லிப் பழகிவிட்டது. போகும்போது நாய்க்குட்டியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நல்ல நோயாளி ஒருவர் கண்ணெதிரே வீணாய்ப் போனதை எண்ணி ஒட்டிலியா அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் பெரிய அடி இனிமேல்தான் இருந்தது. ஜனவரி நடுவில் அன்செல்மோ கம்பளத்தைப் பெருக்கும்போது அரிசி மாதிரி ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தால் பால்பல். மறுநாள் இன்னொன்று. நாய்க்குட்டி செருப்புகளைத் தாண்டி நடந்தது. ஒயரை முகர்ந்துவிட்டு, அது என்னவோ வேறு யாரோ ஒருவருடைய இளமைக் காலம் என்பதுபோல் விலகிப்போனது.

ஒட்டிலியா விடவில்லை. அலமாரியிலிருந்த நல்ல தோல் காலணிகளை எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தார். ஒன்றின்மேல் கறிச்சாறு தடவினார். "கடிடா கண்ணு. ஒரே ஒரு கடி" என்று மண்டியிட்டுக் கெஞ்சினார். நோயாளி பி. கறிச்சாற்றை நக்கிவிட்டுக் காலணியைப் பளபளவென்று ஆக்கிவிட்டுச் சென்றது.

குழு வந்தது. தலைவர் டாக்டர் பெனிக்னோ அர்ராஸ்கயெத்தா, கூட இரண்டு அறிஞர்கள். அன்செல்மோ மாத்தே என்ற இலைத் தேநீர் தயாரித்துக் கொடுத்தார். ஒரே குடுவையில் ஒரே உலோகக் குழாய். அதைக் கைமாற்றிக் கைமாற்றி, ஒருவர் பின் ஒருவராக வாயில் வைத்து உறிஞ்சியபடி, 'வாய்வழி இன்பத்தில் தேங்கிப்போன ஜீவன்' எங்கே என்று மூன்று பேரும் கவலையோடு தேடினார்கள்.

ஜீவன் திவானுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அறிகுறி எங்க?" என்றார் தலைவர்.

ஒட்டிலியா அதை எழுப்பி, தன் கையையே அதன் வாய்க்கு நேராக நீட்டினார். அது முகர்ந்து, நக்கி, அந்தக் கையின்மேலேயே தலையை வைத்துக்கொண்டது.

"நக்குதே" என்றார் ஓர் அறிஞர்.

"போன மாசம் வந்திருந்தீங்கன்னா ரத்தம் பாத்திருக்கலாம் டாக்டர்!" என்றார் ஒட்டிலியா. "இது நிக்கல. உள்ள போய் ஒளிஞ்சிருக்கு. ஆரோக்கியத்துக்குள் தப்பியோட்டம்!"

அந்த நேரம் பார்த்து அன்செல்மோ ஒரு தட்டில் பால்பற்களைக் கொண்டுவந்து காட்டினார். "தப்பியும் ஓடல, ஒண்ணும் ஓடல. பழைய பல்லு விழுந்து புதுப்பல்லு வந்திருச்சு. அவ்வளவுதான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி அதன் காதுக்கம்பியைக் கடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் யாரு?"

"என் கணவர்."

"பகுப்பாய்வு எடுத்துக்கறாரா?"

"இல்ல."

"தெரியுது" என்றார் தலைவர். பிறகு எழுந்துகொண்டார். "பாருங்கம்மா, கட்டுரை பிரமாதம். ஆனா குணமான கேஸ வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? எங்க கழகத்துல அதுக்குப் பிரிவே கிடையாது."

பேராசான் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவருடைய நோயாளி ஒருவர் பத்தொன்பது வருடமாகத் தினமும் அழுகிறார், இன்றுவரை துளி முன்னேற்றமும் இல்லை என்று சான்றிதழே இருந்தது.

மறுநாள் காலை ஒட்டிலியா காப்பியைத் தொடாமல் சொன்னார்: "அது இனிமே இங்க இருக்க வேணாம்."

"எது?"

"அதுதான். யாரையும் கடிக்காம, எதையும் கிழிக்காம, சாதுவா உக்காந்து என்னையே பாக்குது. என்னால தாங்க முடியல, அன்செல்மோ."

"ஏம்மா, கடிச்சப்ப வெச்சுக்கிட்டோம். இப்ப போய்..."

"அப்ப அது நோயாளி. இப்ப வெறும் நாய்."

அன்செல்மோ ரொம்ப நேரம் வாதாடிப் பார்த்தார். கடைசியில் எவரிஸ்தோவுக்குப் போன் போட்டார். எவரிஸ்தோ கடையை அடைத்துவிட்டு ஓடிவந்தார்; திவான் இருக்கும் அறைப்பக்கம் போகாமல் சமையலறை வாசலிலேயே நின்று நாய்க்குட்டியை வாங்கிக்கொண்டார். "ஞாயித்துக்கிழம வந்துருங்க அண்ணே. அடுப்பு நம்ம கையில" என்றார். அன்செல்மோவுக்கு அந்த ஞாயிறு வரை பொறுக்கவில்லை. அன்று மாலையே ஒரு துண்டை நனைத்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு எவரிஸ்தோ வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். புதுப்பல்லுக்கும் மெல்ல ஏதாவது வேண்டும் இல்லையா?

கடித்ததற்காக நாய்க்குட்டியை வெளியேற்றிய வீடுகள் அந்த ஊரில் எத்தனையோ உண்டு. கடிப்பதை விட்டதற்காக வெளியேற்றிய பெருமை டாக்டர் ஒட்டிலியா போஸ்கெத்தியின் வீடு ஒன்றையே சேரும். அவருடைய கீர்த்தி இதனால் குன்றிவிடவில்லை. மார்ச் பிறந்ததும் அந்த நாலாவது மாடிக்கு ஜனங்கள் பழையபடி வந்து படுக்கிறார்கள். பதினைந்து வருடமாக வருகிறவர்கள், இருபது வருடமாக வருகிறவர்கள், அப்பா இறந்தபின் அவருடைய நேரத்துக்கு வருகிற மகன்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையிலிருந்து குணமாகி வெளியே போனது இரண்டே ஜீவன்கள்தான். அந்த இரண்டுமே டாக்டரையும் மீறிக் குணமானவை.