கண்ணாடிக்காரரின் வெள்ளைப் பொடி

இனித் தம் வாழ்நாளில் ஒரு வண்டைக்கூட விரலால் தொடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தார். முடிதுறந்த மன்னர்கள்கூட அத்தனை கம்பீரமாக நின்றிருக்க மாட்டார்கள். நின்ற இடம் சமையலறை. கையில் இருந்தது முறம்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்ததுதான் அவர் செய்த பிழை. "ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ற ஆளு நீங்க. உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு வண்டு போயிடுமா?" என்று மணமான புதிதில் மனைவி புகழ்ந்தாள். மயங்கி முறத்தை வாங்கியவர் அதன்பின் கீழே வைக்கவில்லை. ஞாயிறுதோறும் பீப்பாய்க் கோதுமையில் வண்டு பொறுக்குவது அவர் கடமையாயிற்று. மனைவி பள்ளி ஆசிரியை; கொடுத்த வீட்டுப்பாடத்தைத் திரும்பப் பெறும் வழக்கம் அவளுக்கு இல்லை.

உண்மையைச் சொன்னால், அவர் பொறுக்கியதே கிடையாது. மொட்டைமாடி வெயிலில் கோதுமையைப் பரப்பினால், சூடு தாங்காத வண்டுகள் குடும்பம் குடும்பமாக நிழல் தேடி நடந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் மறைவில் அவரும் அடுத்த வீட்டுக் கடிகாரக்காரரும் சதுரங்கம் ஆடுவார்கள். ஒரே ஓர் இடைஞ்சல், கீழிருந்து வரும் குரல்.

"என்னங்க, எத்தனை ஆச்சு?"

"நாற்பத்தேழு!"

"இப்பதானே ஐம்பதுன்னீங்க?"

"மூணு தப்பிச்சுப் போச்சு!"

"அதோட உங்க ராணியும் போச்சு அண்ணே," என்பார் கடிகாரக்காரர், காயைத் தூக்கிக்கொண்டே.

இப்படி எண்ணிக்கை சொல்லிச் சொல்லியே அவர் தோற்றுவந்தார். ஒரு முறையாவது கடிகாரக்காரரைத் தோற்கடித்துவிட்டுத்தான் கண்மூட வேண்டும். அதற்கு யாரும் குரல் கொடுக்காத ஒரு முழு ஞாயிறு வேண்டும்.

வழி கடையிலேயே பிறந்தது. மூக்குக்கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது என்று வந்த தானியக் கடைக்காரர், திருகு ஏறும்வரை சும்மா இராமல் அவர் காதைக் கடித்தார்.

"டயட்டம் மண்ணுன்னு ஒரு வெள்ளைப் பொடி வந்திருக்கு சார். விஷமில்ல. தண்ணியில வாழ்ற நுண்பாசியோட ஓடு, மண்ணாப் போனது. வண்டு மேல பட்டா, உடம்புல இருக்கிற மெழுகைச் சுரண்டிடும். ஈரமெல்லாம் வத்தி, காஞ்சே செத்துடும். தானியத்துக்குன்னே விக்கிறதைப் பார்த்து வாங்குங்க."

அன்று மாலையே பொடியோடு வீடு திரும்பினார்.

"இந்தப் பீப்பாயில இனிமே வண்டே இருக்காது. வண்டு இல்லாமப் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை என்னோடது. சம்மதமா?"

"ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"ஒண்ணுகூட!"

"சரி," என்றாள் அவள்.

தாம்பத்தியத்தில் அவள் மறுபேச்சின்றிச் 'சரி' சொன்னது அதுவே முதல் முறை. அறிவுள்ள கணவன் அந்த நொடியே பொடியைத் திருப்பிக் கொடுத்திருப்பான்.

கண்ணாடிக்காரரோ மூக்கைத் துணியால் கட்டி, நீச்சல்காரர் அணியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காய்ந்த கோதுமையில் பொடியைத் தூவிக் கலந்தார். "கிட்ட வராதே! மூக்குல ஏறக் கூடாது!" என்று மனைவியை எச்சரித்தார். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த கடிகாரக்காரர், தலை முதல் கால் வரை வெளுத்து நின்ற உருவத்தை மரியாதையாக வணங்கி, "அண்ணன் வீட்ல இருக்காருங்களா?" என்று கேட்டார்.

அன்று முதல் கடையிலிருந்த பூதக்கண்ணாடி வீட்டுக்கு வந்துவிட்டது. காலையும் மாலையும் பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்து, மருத்துவமனை வாசலில் நின்று சொல்வதுபோல் அறிவித்தார்.

"நடை தளர்ந்திருச்சு."

"ஐயோ பாவம்," என்பாள் மனைவி, விடைத்தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஒண்ணு காலைத் தூக்கித் தண்ணி கேக்குது!"

"கொடுத்துடாதீங்க."

ஒரு ஞாயிறு காலை, அசைவென்பதே இல்லை. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, சதுரங்கப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் புறப்பட்டார். மனைவி பீப்பாயிலிருந்து முறம் நிறையக் கோதுமையை அள்ளி நீட்டினாள்.

"கறுப்பு கறுப்பா இருக்கே, இதெல்லாம் என்ன?"

"வண்டு. எல்லாம் செத்தாச்சு!"

"செத்துப்போய் எங்க இருக்கு?"

"பீப்பாயிலதான்..." குரல் இறங்கியது. "அதனால என்ன, வெயில்ல பரப்பினா..."

செத்த வண்டுக்கு வெயில் என்ன, நிழல் என்ன? ஓடுவதற்கு ஒன்றுகூட மிச்சமில்லை. இத்தனை காலமும் தமக்காக உழைத்த அத்தனை பேரையும் தம் கையாலேயே கொன்றுவிட்டார்.

"புடைச்சுத் தள்ளிடறேன்."

"பொடி பறக்குமே! மூக்குல ஏறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கையாலயே பொறுக்குங்க. அப்புறம் நான் கழுவிக்கறேன்."

"எல்லாம் அந்தத் தானியக் கடைக்காரனால வந்தது!"

"அவரை ஏன் திட்டறீங்க? நல்லா இருந்த அவர் கண்ணாடிக் காலைக் கழட்டி, விஷயத்தையும் சொல்லிக் கொடுத்து உங்ககிட்ட அனுப்பினது நான்தானே? தொட்டிக்குப் பின்னாடி நீங்க என்ன பொறுக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் கக்கத்திலிருந்த பலகையை மெல்ல உருவிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள். கண்ணாடிக்காரர் முறத்தின் முன் அமர்ந்தார். சற்று நேரத்தில் மேலிருந்து கடிகாரக்காரரின் அலறல் கேட்டது.

"ஐயையோ, என் ராணி போச்சே!"

அதைத் தொடர்ந்து மனைவியின் குரல் இறங்கிவந்தது.

"என்னங்க, எத்தனை ஆச்சு?"