கடலை நம்பாத வெல்டர்

வங்காள விரிகுடா வெறும் திரைச்சீலை என்று சொன்னதோடு நிற்காமல், அதைப் படமாகவே எடுத்துக் காட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ராயபுரத்தில் இருந்தார். வேறு ஊரில் யாராவது இருந்திருந்தால், நிச்சயம் இவர் அவரோடு சண்டைக்குப் போயிருப்பார்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஞானஸ்நானத்தின்போது வைத்தது. கோயில் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்களுக்கெல்லாம் அவர் வெல்டர். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. அதே பட்டறையின் ஆபீசில், திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நான் தமிழ் டைப்பிஸ்ட். எழுபதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்தைந்து வயது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டைப்பு நைனா, படம் புடிக்க ஒரு கதை கீது. நான் சொல்றேன், நீ அடி."

மேஸ்திரி மேல் புகார் மனு என்று நினைத்துத் தாளைச் செருகினேன்.

"இந்த உலகம் கீதே, இது டூப்பு. அடி."

அடிக்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வெல்டிங் கண்ணாடிய மூஞ்சிக்கு இறக்குனா பொறி மட்டும்தான் தெரியுது. தூக்குனா கிரேனு, கப்பலு, மேஸ்திரி மூஞ்சி எல்லாம் வந்து குந்திகினு கீது. நான் இறக்கி வெச்சிருக்க சொல்ல அதெல்லாம் எங்க போச்சு?"

"அங்கேயேதான் இருக்கும் வெல்டரே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கண்ணாடி போடவில்லையே! பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்?"

"அப்படிச் சொல்றதுக்குத்தான் உன்னை அங்க குந்த வெச்சிகிறான்."

யார் வைத்திருக்கிறான் என்பதுதான் கதை. ஒரு பெரிய குடோனில் தொழிலாளிகள் வரிசையாகப் படுத்துத் தூங்குகிறார்கள். தலையில் ஒயர். ராயபுரம், துறைமுகம், கடல், சம்பளம், தீபாவளி போனஸ் எல்லாமே ஒயர் வழியாக வருகிற கனவு. ஸ்விட்சுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவன் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறான். கனவில் இவர்கள் சிந்துகிற வேர்வையை நிஜத்தில் பீப்பாயில் பிடித்து விற்கிறான். அடித்துக்கொண்டிருந்த நானே என் நெற்றியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தகராறு இரண்டாவது பக்கத்தில் வந்தது. அவர் "கடலு அங்க கீது" என்றார். நான் "கடல் அங்கே இருக்கிறது" என்று அடித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தவர் தாளை உருவி எடுத்துவிட்டார்.

"நான் கீதுன்னேன். நீ இன்னா இருக்கிறதுன்னு போட்டுகிற?"

"எழுதும்போது அப்படித்தான் எழுதவேண்டும்."

"யாரு சொன்னா?"

"இலக்கணம்."

"அவரு எந்தத் தெருவு? வரச் சொல்லு, பேசிக்கலாம்."

அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அவரே ஒரு தீர்ப்பு சொன்னார். கனவில் சிக்கிய மனிதர்கள் எல்லோரும் ராயபுரத்துப் பேச்சுதான் பேசுவார்கள். படத்தில் சுத்தமான தமிழ் பேசுகிறவன் ஒரே ஒருவன், ஸ்விட்சுப் பலகைக்காரன். "ஏமாத்துறவன்தான் நைனா இஸ்திரி போட்ட மாதிரி பேசுவான்" என்றார். எங்கள் வட்டாரத்தில் அப்படிப் பேசுகிறவன் நான் மட்டும்தான். வில்லன் வேஷம் எனக்கு வந்தது.

பதினாறு எம்.எம். கேமரா ஒன்றை ஒரு கப்பல் மாலுமி உடைந்துபோனது என்று தூக்கிப் போட்டிருந்தான். வெல்டர் அதன் உடம்பைப் பற்றவைத்து ஓடவைத்தார். பார்க்க மாவு மெஷின் போல இருக்கும், சத்தமும் அப்படியே. அதனால் படம் ஊமைப்படம். திரைக்குப் பின்னால் நின்று நாங்களே மைக்கில் பேசுவது என்று முடிவாயிற்று. வேறு உலகத்துக்குப் போகும் காட்சிகளுக்கெல்லாம் வெல்டிங் பொறிதான். எங்கள் காலத்தில் அவ்வளவு மலிவாக வேறு உலகத்துக்குப் போனவர்கள் யாரும் இல்லை.

வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவர் வெல்டருக்கு தோஸ்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தோல் குடோனைக் கொடுத்தார். தூங்கும் தொழிலாளிகளாக நடிக்கப் பட்டறையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்களைப் பசியோடு படுக்கவைக்க பாய்க்கு மனசு கேட்கவில்லை. பிரியாணி போட்டார். அங்கேதான் தவறு நடந்தது. தூங்கும் காட்சி அற்புதமாக வந்தது. அடுத்தது அவர்கள் கண் விழித்துப் புரட்சி செய்யும் காட்சி.

"எந்திரிங்கடா! இத்தினி நாளா ஏமாந்தது போதும்!" என்று வெல்டர் கத்தினார்.

ஒருவரும் எழவில்லை. ஒருவர் மட்டும் புரண்டு படுத்தார். புரட்சியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறும் டீ கொடுத்து எடுத்தோம்.

கதாநாயகி வெல்டரின் மனைவி பிலோமினா. காசிமேட்டில் மீன் விற்றார். வசனத்தைக் கேட்ட முதல் நாளே கதையைக் கவிழ்த்துவிட்டார்.

"யோவ், கடலு பொய்யின்ற. அப்ப இந்த வஞ்சிரம் எங்கேந்து வந்துச்சு?"

வெல்டர் இரண்டு நாள் பற்றவைக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தைப் பற்றவைத்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார். மூன்றாம் நாள் ஓடிவந்தார். "டைப்பு! பிலோமி கேட்டதையே படத்துல வெச்சிரலாம். ஒயரு வழியா நாத்தம் வராது. மீனு நாறுதுன்னா மீனு நெசம். அதை வெச்சித்தான் அவ கண்டுபுடிக்கிறா. கத்திய எடுத்துகினு போயி பொய்க்கடலக் கிழிக்கிறா. அதுக்குப் பின்னால நெசக்கடலு!"

அதற்காகப் பழைய தார்ப்பாயில் நீலமாகக் கடல் வரைந்து, காசிமேட்டுக் கரையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டினோம். காலை எட்டு மணிக்கே ஊர் கூடிவிட்டது. ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"யோவ், கடலு முன்னாலயே கடல வரைஞ்சு கட்டிகினு இன்னா பண்றீங்க?"

"படம் சார். இது பொய்க்கடலு."

"அப்ப அது?"

வெல்டர் திரும்பி அலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதை இன்னும் செக் பண்ணல சார்."

போலீஸ்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்தச் சட்டப்பிரிவில் சேர்ப்பது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

இருந்தது ஒரே தார்ப்பாய். இரண்டாவது முறை எடுக்க முடியாது. பிலோமினா அக்கா மீன் கத்தியை ஓங்கி மேலிருந்து கீழே ஒரே கிழி கிழித்தார். அந்த நொடியில் பெரிய அலை ஒன்று வந்து கிழிசலுக்குள் புகுந்து அவரை இடுப்பு வரை நனைத்தது. அவர் அசையவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து முறைத்தார். அப்படி ஒரு முறைப்பை நான் இன்றுவரை வேறு எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

படத்தைத் தோல் குடோனில் ஒரு ஞாயிறு மதியம், ஜன்னல்களில் சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டு திரையிட்டோம். ஊர் ஊராகச் சுகாதாரப் படம் காட்டுகிறவர் புரொஜக்டர் கொண்டுவந்தார். முதலில் மாட்டிய ரீல் கொசு ஒழிப்பைப் பற்றியது. திரை முழுக்க ஒரு கொசு வந்து நின்றதும் ஜனங்கள் விசில் அடித்துக் கை தட்டினார்கள். அதுதான் வேறு உலகத்து மிருகம் என்று நினைத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வெல்டர் மைக்கில், "அது நம்ம படம் இல்லபா, கை தட்டாதீங்க!" என்று கெஞ்சினார்.

பிறகு எங்கள் படம் ஓடியது. கொசுவுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல், கடல் கிழியும்போது கிடைத்தது.

கூட்டத்தில் கோடம்பாக்கத்திலிருந்து ஒரு பட முதலாளியும் இருந்தார். பாயிடம் சரக்கு விஷயமாக வந்தவர், சத்தம் கேட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் வெல்டரைத் தேடி வந்தார்.

"அருமையான கற்பனை. கதையை எனக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு எங்கள் ஸ்டுடியோவில் செட் போடும் பகுதியில் நிரந்தர வேலை. ஆனால் கதாநாயகன் பேராசிரியராக இருக்கவேண்டும். கதாநாயகி கல்லூரி மாணவி. இந்தப் பாஷை வேண்டாம், ஜனங்கள் சிரிப்பார்கள். மீன்காரியை நகைச்சுவைக்கு வைத்துக்கொள்ளலாம்."

அப்போது எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. கண் டாக்டர் வெல்டரிடம், நெருப்பு வேலையை விடாவிட்டால் பார்வை போய்விடும் என்று சொல்லியிருந்தார். பிலோமினா அக்கா எத்தனையோ கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தார். இதோ, வேலையே நடந்து வந்து எதிரில் நிற்கிறது.

"இன்னாயா யோசிக்கிற? உன் கண்ண நெனச்சுப் பாரு" என்றார் அக்கா மெதுவாக.

"நீ சொல்லு பிலோமி. உன் கத்திய வேற ஒருத்தி கையில குடுத்து, உன்னை ஓரமா நிக்கவெச்சி சிரிக்கச் சொல்றாரு. சரின்றியா?"

அக்கா திரையைப் பார்த்தார். வெல்டரின் சிவந்த கண்களைப் பார்த்தார். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு முதலாளியிடம் திரும்பினார்.

"சாரு, டீ குடிச்சிட்டுப் போங்க. கதைய குடுக்கறதா இல்ல."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். இந்தப் பேச்சை யாரும் மதிக்கமாட்டார்கள்" என்றார் முதலாளி.

"உங்கள மாதிரி பேசுற ஆளு என் படத்துல ஒருத்தன்தான் சாரு" என்றார் வெல்டர். "அவன் வில்லன்."

பக்கத்தில் நின்ற எனக்கு, ஏனோ தெரியவில்லை, நெஞ்சு நிமிர்ந்தது.

கண் டாக்டர் சொன்னபடியேதான் ஆனது. இரண்டு வருஷத்தில் எதிரே வருகிறவர் நிழலாகத் தெரிய ஆரம்பித்தார். பட்டறையை விட்டு பாயின் குடோனுக்குக் காவல்காரராகப் போனார். நானாவது முதலாளியிடம் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "போய்ப் பேசு. எந்த பாஷையில பேசுவ?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படப்பெட்டியோடு கிளம்பிவிடுவார். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனோம். திரை தெரியாவிட்டாலும் புரொஜக்டர் சத்தத்தை வைத்தே எந்தக் காட்சி என்று சொல்லிவிடுவார்.

கடைசியாகப் போனது எண்ணூருக்கு. அனல்மின் நிலையத் தொழிலாளிகள் ஒரு ஷெட்டை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். ஃபிலிமில் அதற்குள் ஏகப்பட்ட ஒட்டு. சரியாக அக்கா கத்தியை ஓங்கும் இடத்தில் அறுந்து, புரொஜக்டருக்குள் சிக்கிப் பொசுங்கிவிட்டது. புரொஜக்டர் சத்தம் மட்டும் நிற்கவில்லை; திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள்.

பிலோமினா அக்கா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே போனார். வந்திருந்தவர்களில் ஒரு மீன்காரம்மாவிடம் கத்தியைக் கேட்டு வாங்கினார். "இப்பப் பாருங்க" என்று சொல்லி, திரையை நிஜமாகவே நடுவில் கிழித்தார்.

கிழிசலுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம். உலகத்தை ஆட்டிப்படைக்கும் வில்லனாகிய நான், பாதி பஜ்ஜியை வாயில் வைத்தபடி அகப்பட்டேன். ஷெட்டே சிரித்தது. வெல்டருக்கோ நடந்தது எதுவும் தெரியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, வசனத்தைப் பேசிக்கொண்டே இருந்தார். "எவன் சொன்னான் நம்மள பொய்யின்னு? நாம கீறோம்டா! இங்கதான் கீறோம்!"

சிரிப்பு மெல்ல அடங்கியது. ஒருவர் எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் நின்றார்கள். அவர் பேசி முடிக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

"டைப்பு, இன்னா சத்தத்தையே காணோம்? படம் புடிக்கலையா?" என்று என் காதோரம் கேட்டார்.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னுகினு கீறாங்க வெல்டரே" என்றேன்.

என் வாயில் அந்தப் பாஷை வந்தது அதுதான் முதல் தடவை. அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். அக்கா பெண்கள் சீட்டில் படப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெல்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கத்திவாக்கம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் குடியிருந்தது திருவொற்றியூரில். கண்டக்டர் என் ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி விசில் ஊதினார்.

தோளை அசைக்காமல், ராயபுரத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.