யாய்ராவை இதய டாக்டராக்க உடனே புறப்பட்டு வரவும்

ஹோ நகரம்,
செவ்வாய்க்கிழமை

கேட்டா ஊரில் கருவாட்டுக் கடையையும் நம் குடும்பத்தின் கடிவாளத்தையும் ஒருசேரக் கையில் வைத்திருக்கும் மதிப்பிற்குரிய எசினாம் அக்கா அவர்களுக்கு, தங்கள் தம்பி செலாசி பணிவுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். தங்கள் சுகமும், தங்கள் முழங்காலின் சுகமும், நெஞ்சுப் படபடப்பின் சுகமும் அறிய ஆவல்.

சுகம் என்று எழுதியது மரியாதைக்கு. உண்மையில் வீடு தலைகீழாகக் கிடக்கிறது. நம் பெண் யாய்ரா மேற்கொண்டு எந்தத் துறைக்குப் போகப்போகிறாள் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுக்க வேண்டும். இதயம் என்று நாம் எல்லாரும் முடிவு செய்தாகிவிட்டது. தாங்களும் வேறு டாக்டரிடம் நெஞ்சைக் காட்டமாட்டேன், என் மருமகள் கைதான் படவேண்டும் என்று படபடப்போடு காத்திருக்கிறீர்கள். இந்தப் பெண்ணோ சிறுநீரகம் என்கிறாள். அவளோடு பயிற்சியில் இருக்கிற டாக்டர்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருவன் இதயம், ஒருவன் குடல், ஒருத்தி லண்டன். லண்டன் எந்த உறுப்பு என்று கேட்டேன். யாய்ரா சிரிக்கவில்லை.

"ஏன்டி, ஊர்ல எவனுக்கும் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் எதுக்கு?" என்றேன்.

"மத்த நோயாளிங்க குணமானதும் போயிடுவாங்கப்பா. என் பேருகூட அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. சிறுநீரகம் கெட்டவங்க ரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு வாரா வாரம் வர்றாங்க. நான் தலைய வேற மாதிரி பின்னிக்கிட்டுப் போனா மொதல்ல கண்டுபிடிக்கிறதே அவங்கதான்."

தலைப்பின்னலுக்காக ஒருத்தி வாழ்க்கையைத் தீர்மானிப்பாளா அக்கா? இதற்கெல்லாம் மூலகாரணம் அங்கே இருக்கிற பெரிய டாக்டர் அமெனுவோர் அம்மாள். ரொட்டி சுற்றிய காகிதத்தில் சிறுநீரகம் வேலை செய்கிற விதத்தைப் படம் போட்டுக் காட்டினாராம். அதை யாய்ரா சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்து இப்போது எனக்கே புரிந்து தொலைக்கிறது.

வீட்டு நிலவரம் கேளுங்கள். தாங்கள் ஆசையாக அனுப்பிய கருவாட்டை ராத்திரி பூரா ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பையெல்லாம் எடுத்துவிட்டாள். அந்த மீன் இரண்டாவது தடவை செத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் போதகர் முன்னால் முழங்கால் போட்டாள். என்ன பக்தி என்று நான் பூரித்து நிற்கையில், அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, "குழி விழுதே ஐயா, நாளைக்கே வந்து பாருங்க" என்கிறாள். எனக்கு மானம் போயிற்று.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் டோக்பே என்ற தையற்காரர், அவளுடைய நோயாளிதான், அவளுக்கென்று ஒரு கவுன் தைத்து எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். உட்கார வைத்து, தண்ணீர் குடித்தபிறகுதான் வந்த காரியம் கேட்பது என்ற நம் முறைப்படி பெரிய குவளை நிறையக் கொடுத்தேன். அவரும் மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து ஓடிவந்த யாய்ரா அதை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள் அக்கா! வந்தவர் கையிலிருந்து தண்ணீரைப் பிடுங்குவதா? நம் வம்சத்தில் ஜென்மப் பகைவனுக்குக்கூட இது நடந்ததில்லை.

"அவர் ஒரு நாளைக்கு அரை பாட்டில்தான் குடிக்கலாம்ப்பா!"

"தண்ணியே குடிக்காத மனுஷன்கிட்ட வந்த காரியம் என்னன்னு நான் எப்படிடி கேக்கறது?"

நான் கேட்கவில்லை, கேட்காமல் அவரும் சொல்லவில்லை. கவுனை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பாவம், நல்ல மனுஷர்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அந்த மெஷினுக்குப் பணம் கட்டி மாளாமல் சிலபேர் வருவதை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினால் உயிர் அவ்வளவுதான். போன மாதம் ஒருவர் வரவில்லை. அன்றைக்குப் பெண் அக்பிளே களியைத் தொடவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். பெற்ற மனம் தாங்குமா? இதே படிப்பைப் படித்தால் ஆயுசு பூரா இப்படித்தானே அழுவாள்? அதற்காகத்தான் அக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டமும்.

நேற்று நேராகப் பெரிய டாக்டரையே பார்த்து, "என் பெண்ணை விட்டுடுங்கம்மா" என்று கேட்டுவிடுவதென்று கிளம்பினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மாள் இல்லை, காத்திருங்கள் என்று மெஷின் அறையிலேயே ஒரு நாற்காலி போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில், கையில் குழாயோடு, அதே டோக்பே!

"வாங்கண்ணே, வாங்க! இன்னைக்கு நீங்க எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க" என்று தலையணைக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"ஐயோ, இது நீங்க நாள் பூரா குடிக்கிற தண்ணியாச்சே!"

"அதுக்காக வந்தவருக்குத் தராம இருக்கறதா? வியாதி எங்களுக்குச் சிறுநீரகத்துலதாண்ணே, மரியாதையில இல்ல."

வாங்காவிட்டால் அவமதிப்பு, குடித்தால் பாவம். தொண்டை நனைகிற அளவுக்கு ஒரே ஒரு மடக்கு குடித்தேன். அறையில் இருந்த அத்தனை கண்ணும் என் தொண்டைக்குழி மேலே. எதிர்க் கட்டிலில் இருந்த டீச்சரம்மா, "ஜில்லுன்னு இருக்காய்யா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா."

"எறங்கறப்ப எப்படி இருக்கு?"

"நாக்குல பட்டுச்சு... அப்புறம் தொண்டை... நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு..."

"மெதுவா சொல்லுங்கய்யா, அவசரம் என்ன?" என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

சொன்னேன் அக்கா. ஒரு மடக்குத் தண்ணீரை, தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும், சர்ச்சில் சாட்சி சொல்கிற மாதிரி சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். முடித்ததும் டோக்பே முறைப்படி, "சரிண்ணே, வந்த காரியம்?" என்றார்.

அந்த மனுஷன் தண்ணீர் என் வயிற்றில் இருக்கும்போது, உங்கள் டாக்டரைப் பறித்துக்கொண்டு போக வந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்? "சும்மா, எல்லாரையும் பாத்துட்டுப் போலாம்னு" என்று உளறிவிட்டு எழுந்தேன். வாசலில் யாய்ரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

ஆகவே அக்கா, என்னால் ஆகாது. வியாழக்கிழமைக்குள் தாங்களே வரவேண்டும். தண்ணீர்க் குவளை கைக்கு வருவதற்குள் காரியத்தைச் சொல்லி முடிக்கிற தைரியம் நம் குடும்பத்தில் தங்களுக்குத்தான் உண்டு. அத்தை சொல்லை அவள் தட்டமாட்டாள்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் தங்கள் கூடைகளை நிறைத்து, படபடப்பைக் குறைப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
செலாசி

பி.கு. புதன் காலை. உறையை ஒட்டுவதற்குள் யாய்ரா வந்து, "இதயம்னே எழுதிக் குடுத்துட்டேன்ப்பா. முந்தாநேத்து நீங்க வாயத் தொறக்க முடியாம திரும்பிப் போனத என்னால பாக்க முடியல" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்ப டோக்பேய யாருடி பாத்துக்கறது?"

"யாராவது வருவாங்கப்பா."

"யாரு வருவா? இத்தன வருஷமா யாரு வந்தா? எந்திரி, போய் மாத்தி எழுது. நான் வண்டிய எடுக்கறேன்."

அழுதாள். நானும்தான். வண்டியில் ஏறியபிறகு, "அத்தைகிட்ட யாருப்பா சொல்றது?" என்றாள். "அதெல்லாம் நான் சொல்லிட்டேன்" என்று ஒரு பொய் சொன்னேன்.

அக்கா, இப்ப சொல்லிட்டேன்.