‘வேண்டாம்’ என்று போடப் போன மெர்ல்

மெர்ல் ட்வெட் சபதம் எடுத்துவிட்டார். உயிரே போனாலும் பள்ளிக்கூடக் கடனுக்கு அவர் ஓட்டுக் கிடையாது!

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம், கடன் பத்திரம் விற்றுக் கூரையையும் கழிவறைகளையும் புதுப்பிக்கப் பார்த்தது. நூற்றுக்கு அறுபது பேர் ‘வேண்டும்’ என்றால்தான் நடக்கும். நடந்தால் கடனை அடைக்கப் போவது நிலவரி. நிலவரி என்றால் மெர்ல். சோளம் விளைகிறதோ இல்லையோ, வரி வருஷம் தவறாமல் விளைந்தது. காபிக் கடையில் மேசையைக் குத்தி, நண்பர் லாயிடின் கையில் அடித்துச் சத்தியமே செய்திருந்தார். லாயிடும் ‘வேண்டாம்’ கட்சி.

வீட்டில் மனைவி ஆர்டிஸ் ‘வேண்டும்’ கட்சி.

“நம்ம ரெண்டு ஓட்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், ஆர்டிஸ். எதுக்கு பெட்ரோல் தண்டம்? ரெண்டு பேருமே போகாம இருந்துடலாம்.”

“நல்ல யோசனைங்க.”

கல்யாணமான நாளிலிருந்து ஆர்டிஸ் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொள்வதில் மெர்லுக்கு நேரம் போய்விட்டது.

ஓட்டு நாள் காலை. “டிராக்டருக்கு ஒரு போல்ட் வாங்கணும். இதோ வந்துடறேன்” என்று தொப்பியை எடுத்தார்.

“வெளியில என்னா குளிரு! இன்னொரு கப் காபி குடிச்சிட்டுப் போங்க.”

“ரெண்டு கப் ஆச்சே!”

“அது தொண்டை நனையவே காணாது. இந்தாங்க.”

வண்டி நேராக வாக்குச்சாவடிக்குத்தான் போனது. அது அதே பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில். வரிசை நகரவில்லை. காபி நகர்ந்தது. மெர்ல் ஆண்கள் கழிவறைக்கு ஓடினார். கதவில் பூட்டு.

“குழாய் வெடிச்சு ஒரு மாசமாச்சு சார்” என்றார் வழியில் வந்த டீச்சர். “மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணி வர்ற கழிவறை ஒண்ணுதான். ஒண்ணாங்கிளாஸ் பக்கம். வரிசையில நில்லுங்க.”

இடுப்புயரப் பிள்ளைகளுக்கு நடுவே ஆறடி மெர்ல் நெளிந்தார். முன்னால் மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு குட்டிப் பெண்.

“தாத்தா, அவசரமா?”

“ரொம்ப அவசரம் பாப்பா.”

“காலைப் பின்னிக்கிட்டு நில்லுங்க. அப்பதான் தாங்கும்.”

பின்னிக்கொண்டார்.

“முடியலைன்னா எனக்கு முன்னாடி போங்க. எனக்குப் பழகிடுச்சு.”

மெர்ல் போனார். முழங்கால் உயரப் பீங்கான் முன்னால் நின்றபோது வந்த நிம்மதி, நல்ல விலைக்குச் சோளம் விற்ற வருஷத்தில்கூட வந்ததில்லை. ஆனால் வெளியே வந்து பார்த்தால் அந்தக் குழந்தை இன்னும் காலைப் பின்னிக்கொண்டு நின்றது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓட்டுச் சீட்டில் ‘வேண்டாம்’ பக்கம் போன பேனாவை இழுத்து வந்து ‘வேண்டும்’ பக்கம் வைத்தார். வரியை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்தது.

வீட்டு வாசலிலேயே ஆர்டிஸ் மறித்தாள். “போல்ட் எங்கங்க?”

“கடையில இல்ல.”

“கோட்டுல என்ன?”

குனிந்து பார்த்தார். ‘நான் வாக்களித்தேன்’ என்ற ஸ்டிக்கர் பளபளத்தது.

“சரி, ஏமாத்திட்டுத்தான் போனேன். ஆனா ‘வேண்டும்’னுதான் போட்டேன், சத்தியமா! உன் ஓட்டைத்தான் வீணாக்கிட்டேன்.”

“அது ஏன் வீணாகுது? நான் போன வாரமே தபால்ல போட்டுட்டேன்.”

“அடிப்பாவி! அப்ப காபி?”

“கழிவறை லட்சணத்தைப் பத்தி நானும் எத்தனை தடவை சொன்னேன்? மண்டையில ஏறலை. அதான் நேர்ல போய்ப் பாக்கட்டும்னு ஊத்தினேன்.”

சாயங்காலம் வானொலி சொன்னது: அறுபதை மயிரிழையில் தாண்டிக் கடன் ஜெயித்துவிட்டது. மெர்ல் நீளமாக மூச்சு விட்டார். மஞ்சள் பூட்ஸுக்கு இனிக் காத்திருக்கும் வேலை இல்லை. அவருக்கே ஆச்சரியம், வரியைவிட அந்தச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. உடனே லாயிட் ஞாபகம் வந்தது. வியர்த்தது.

“ஆர்டிஸ், உனக்குப் புண்ணியமாப் போகும். லாயிட் காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாது. அப்புறம் கடைப்பக்கம் தலைகாட்ட முடியாது.”

“கவலைப்படாதீங்க. லாயிட் பெண்டாட்டி இப்பதான் போன் பண்ணினா. ‘மெர்ல் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது’ன்னு அவரும் அங்க அவ கால்ல விழாத குறையாம்.”